கத்திரி வெயிலில் காட்டுப் பூ

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னைவாசிகளுக்கு மலை ஞாபகம் வந்துவிடுகிறது. உதகையில் மலர்க் கண்காட்சி என்று செய்தி வந்ததுமே பெட்டி படுக்கை கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே தொட்டி தொட்டியாக அடுக்கியிருக்கும் சீமைப் பூக்களின் முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பூவைப் பார்க்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும் என்பது நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்காக மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கினாலே போதும்.

"தாம்பரத்தில் பூவா? முள்ளும் புழுதியும் அல்லவா அங்கே!" என்று கேட்பவர்கள் உண்டு.

முள் இருப்பது வாஸ்தவம். புழுதியும் இருக்கிறது. அந்த முள்ளுக்கு நடுவில்தான் பூவும் இருக்கிறது. அந்தப் புழுதியில்தான் பூச்சியும் இருக்கிறது. பார்ப்பவர்கள் குறைவு, அவ்வளவுதான். பார்ப்பவர்கள் குறைந்ததனால் 'அங்கே ஒன்றும் இல்லை' என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. ஒன்றும் இல்லாத இடம் என்றால் குப்பை கொட்டலாம், மண் நிரப்பலாம், மனை போடலாம் என்று காரியத்தில் வந்து முடிகிறது. கோடைக் காலையில் காமிராவும் கையுமாக நடப்பது பொழுதுபோக்குதான். ஆனால் பொழுதுபோக்கு மட்டும் அல்ல.

தரையைப் பார்த்து நடந்தவர்கள்

இந்தப் பக்கத்தில் தரையைப் பார்த்து நடந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1863-ஆம் வருஷம் மே 30-ஆம் தேதி, இதே போன்ற ஒரு கோடை நாளில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் பல்லாவரத்தில் சரளைக் கற்களுக்கு நடுவே கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கல் கருவி அது. பழைய கற்கால மனிதன் இந்த நாட்டில் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் அத்தாட்சியே அந்தக் கல்தான். அவருக்கு முன்னால் எத்தனை பேர் அந்தச் சரளைமீது நடந்திருப்பார்கள்! சிப்பாய்கள், வண்டிக்காரர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரும் அதை மிதித்துத்தான் போயிருப்பார்கள்.

செடி கொடிகளின் கதையும் அதுவே. சென்னை அரசாங்க மியூசியம் 1929-ல் ஒரு புத்தகம் வெளியிட்டது. சென்னை நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள பூக்கும் தாவரங்களைப் பற்றிய நூல். எழுதியவர் பி. வி. மயூரநாதன். அதற்கு ஓர் இணைப்பு நூல் 1938-ல் வந்தது. அதை எழுதியவர் எட்வர்டு பார்ன்ஸ். தாவர நூல் படித்த பண்டிதராக இருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அவர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர்! ரசாயனக் குப்பிகளோடு பகலைக் கழித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் செடி தேடிப் புறப்பட்டுவிடுவார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சேம்பு வகைச் செடி ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1941-ல் அவர் காலமானார்.

அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்த வருஷம் 1937. சேலையூர்க் காட்டிலிருந்து முந்நூற்று அறுபது ஏக்கருக்கு மேல் அதற்குக் கிடைத்தது. நகரத்தின் நடுவில் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி இவ்வளவு நிலத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் வெட்டிச் சமன் செய்து புல்தரை போட்டிருக்கலாம். நல்லவேளையாக அப்படிச் செய்யவில்லை. கட்டடங்களுக்கும் விடுதிகளுக்கும் நடுவில் பழைய புதர்க் காட்டின் பெரும்பகுதி நிற்கிறது. புள்ளிமானும் அதில் மேய்கிறது. பின்னாளில் அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி (1932–1988) கோலங்களையும் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் ஆராய்ந்தது போலவே தாம்பரத்துப் பறவைகளையும் கணக்கெடுத்தார். நரிக்குறவர்களுக்குத் தெரிந்த செடிகளைப் பற்றி அவர்களிடமே கேட்டு எழுதினார். வேதியியல்காரரும் கணக்கு வாத்தியாரும் செய்த வேலை இது. 'அதற்கென்று படித்திருக்க வேண்டுமே' என்று தயங்குகிறவர்கள் இந்த இருவரையும் நினைத்துப் பார்க்கலாம்.

இது என்ன காடு?

மேற்கு மலைகளில் இருப்பது போல் ஆகாயத்தை மறைக்கும் மரங்கள் இங்கே கிடையாது. ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம் உள்ள புதர்களே அதிகம். வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது; மிச்சமுள்ள மாதங்களைச் செடிகள் சிக்கனமாகவே ஓட்ட வேண்டும். ஆகவே இலைகள் தடித்துத் தோல் போல் இருக்கின்றன. இலையைத் தின்ன வரும் ஆடு மாடுகளுக்குப் பதில் சொல்ல முள் இருக்கிறது. ஆனாலும் புதர் மொட்டையாக நிற்பதில்லை. கத்திரியிலும் பச்சையாகவே இருக்கிறது. தாவர நூலார் இதற்கு 'வறண்ட பசுமைமாறாக் காடு' என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் சோழமண்டலக் கரையை ஒட்டித்தான் இந்த ரகம் உண்டு. அதுவும் கோயில் காடு, ரிசர்வ் காடு, கல்லூரித் தோட்டம் என்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. சென்னைக்கு அருகில் கிண்டி, நன்மங்கலம், வண்டலூர் ஆகிய இடங்களில் அதன் சாயலைக் காணலாம்.

கோடையில் இந்தக் காட்டில் பூக்கிறவை பலவும் பெயரளவில் எல்லாருக்கும் தெரிந்தவைதான். களாக்காய் ஊறுகாய் தின்றிருப்போம். களாப் பூவைப் பார்த்திருக்கமாட்டோம். முல்லைக்குத் தங்கை போல் வெள்ளையாக, மணமாக, முள்ளுக்கு நடுவில் கொத்தாகப் பூக்கும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லிச் சேவிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். காயாம்பூவை நேரில் கண்டவர் எத்தனை பேர்? கிளையை ஒட்டிக் குண்டு குண்டாக, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் அது பூத்திருப்பதைப் பார்த்தால் அந்த உவமை ஏன் பிறந்தது என்பது சொல்லாமலே விளங்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன், பள்ளிக்கூடத்து மதில் ஓரத்தில் பூத்த நெருஞ்சியைக் கண்டால் காலைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிறான். பாவம், அவன் பேரில் குற்றம் இல்லை. யாரும் அவனுக்குக் காட்டித் தரவில்லை.

எருக்கஞ்செடி ஒரு தனி ஊர்

காமிரா எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர் அபூர்வமான பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் எருக்கஞ்செடியே அரை நாளுக்குப் போதும்.

முதலில் பூவைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஐந்து இதழ், நடுவில் ஒரு கிரீடம். மற்றப் பூக்களைப் போல இதன் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை; சிறு பைகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேன் குடிக்க வரும் வண்டின் கால் அந்தக் கிரீடத்தின் இடுக்கில் அகப்பட்டு, இழுத்து எடுக்கும்போது பையும் கூடவே வந்துவிடும். வண்டு அதைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போகும். இந்த இழுபறியில் வெல்லப் பலம் வேண்டும். எருக்கம்பூவைச் சுற்றிப் பெரிய கரிய தச்சு வண்டுகள் ரீங்காரம் செய்வதன் ரகசியம் இதுதான். பட்டுப்போன மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும் அந்த வண்டு, பார்வைக்குப் பயங்கரமாக இருந்தாலும் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இலையைப் புரட்டினால் வேறு காட்சி. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களும் கரிய கொம்புகளும் உள்ள புழு ஒன்று தின்றுகொண்டிருக்கும். வெந்தய வரியன் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கம்பாலில் உள்ள விஷத்தைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. வண்ணத்துப்பூச்சியான பிறகும் அந்த விஷம் அதற்குக் காவல். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதன் பக்கம் போகாது. இதை ஒரு குடும்பத் தந்திரம் என்று விட்டுவிடலாம். ஆனால் விஷமே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சி இனத்தில், பெண்பூச்சி மாத்திரம் அச்சு அசலாக இந்த வெந்தய வரியனைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு பறவைகளை ஏமாற்றிப் பிழைக்கிறது! கண்ணுக்கு நேராகப் பறக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். படம் பிடித்து, வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கி, பின்சிறகில் உள்ள புள்ளிகளை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னும் குருத்தில் அடை அடையாக மஞ்சள் செடிப்பேன்; அதைத் தின்ன வரும் பொறிவண்டு; அந்தப் பேன் சுரக்கும் இனிப்புக்காகக் காவல் நிற்கும் எறும்பு; நீலமும் மஞ்சளும் பூசிக்கொண்டு கோமாளி போல் குந்தியிருக்கும் எருக்கு வெட்டுக்கிளி. ஒரே செடியில் இத்தனையும். இதைத்தான் 'வெறும் எருக்கு' என்று வெட்டிப் போடுகிறார்கள்.

சத்தம் கேட்டுப் பூக்கும் ஆவாரை

ஆவாரம்பூவைப் பற்றி வைத்தியர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். காமிராக்காரர் பார்க்க வேண்டியது வேறு. இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிறவர்களுக்கு மகரந்தம்தான் கூலி. அந்த மகரந்தமும் திறந்து கிடப்பதில்லை. மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தச்சு வண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் பூவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மாத்திரம் கிடுகிடுவென்று அதிரவைக்கும். 'ஙொய்' என்று ஒரு சத்தம். உப்பு டப்பாவைக் குலுக்கியது போல் மகரந்தம் கொட்டும். நாம் வளர்க்கும் சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

இந்த நீலப்பட்டைத் தேனீயின் ஆண்களுக்குக் கூடு இல்லை. சாயங்காலம் ஆனதும் ஒரு காய்ந்த குச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு, வரிசையாகத் தூங்கும். சூரியன் ஏறுவதற்கு முன் போனால் அந்த வரிசையை அப்படியே படம் எடுத்துவிடலாம். இவ்வளவு சாதுவாக 'போஸ்' கொடுக்கிறவர்கள் மனிதரிலும் குறைவு.

வெயில் சாய்வாக விழும் அதே நேரத்தில் மணலையும் பார்க்க வேண்டும். புன்னை மரத்தடி, கோயில் மண்டபத்து ஓரம், மழை படாத தாழ்வாரம் என்று பொடி மணல் உள்ள இடங்களில் சின்னச் சின்னப் புனல் போன்ற குழிகள் இருக்கும். குழியானை! கிராமத்துப் பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு, அது பின்னோக்கி நகர்வதைப் பார்த்துச் சிரிப்பார்கள். குழியின் சரிவில் எறும்பு கால் வைத்ததும் மணல் நழுவும். ஏறப் பார்த்தால் அடியில் இருப்பவர் தலையால் மணலை வாரி எறிவார். வளரும் பருவம் முழுவதும் இதற்குக் கழிவு வெளியேறுவதே இல்லை. கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்த பிறகுதான் அந்தக் கணக்கு தீர்கிறது. சிறகு முளைத்ததும் தும்பி போன்ற உருவம். உணர்கொம்பு மாத்திரம் தும்பியினுடையதைவிட நீளம். குழியையும் தும்பி போன்ற பூச்சியையும் ஒரே பிராணி என்று சொன்னால் நம்பாதவர்களுக்கு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டத்தான் வேண்டும்.

எப்படிப் படம் எடுப்பது?

விலை உயர்ந்த காமிரா கட்டாயம் என்று யாரும் பயப்பட வேண்டாம். செல்போனே போதும், அதன்மேல் ஒட்டவைக்கும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் மே மாதத்து வெயில் எட்டரை மணிக்கு மேல் படத்தைக் கெடுத்துவிடும். வெள்ளைப் பூ வெளுத்துப் போகும், நிழல் கரியாகிவிடும். அந்த நேரத்தில் குடையைப் பிடித்துப் பூவுக்கு நிழல் கொடுப்பதும், ஒரு வெள்ளைத் துண்டை எதிர்ப்பக்கம் விரித்து வெளிச்சத்தைத் திருப்புவதும் பழைய ஸ்டூடியோக்காரர்கள் அறிந்த உபாயம்தான். மிக முக்கியமான உபாயம் ஒன்று உண்டு: உட்கார வேண்டும், தேவைப்பட்டால் படுக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் விஷ்ணுகிராந்தியின் நீலப் பூ தரையில் சிந்திய மைத்துளி போல்தான் தெரியும். அதன் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால் அது ஒரு வானம்.

ஒரு படம் மட்டும் எடுத்தால் அழகு கிடைக்கும். ஆனால் தகவல் கிடைக்காது. பூவை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலையை ஒன்று, முழுச் செடியும் அது நிற்கும் இடமும் தெரிய ஒன்று என்று நான்கு எடுக்க வேண்டும். பூச்சியாக இருந்தால் அது எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். அன்றைய தேதியும் இடமும் குறித்துவைக்க வேண்டும். மாமரத்தில் இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு ஒன்றை எடுத்ததாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினால் எட்டு இருக்கக்கூடும். அது எறும்பு அல்ல, எறும்பு வேஷம் போட்ட சிலந்தி! இப்படிப்பட்ட சந்தோஷங்கள் வலை வீசிப் பிடித்து ஊசி குத்தும் முறையில் கிடைக்காது.

செய்யக்கூடாதவையும் உண்டு. படத்துக்காகப் பூவைப் பறிப்பது, பின்னால் மறைக்கும் கிளையை ஒடிப்பது, பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்று அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பது இவையெல்லாம் கெட்ட பழக்கங்கள். பரிசு வாங்கும் படங்கள் சிலவற்றுக்குப் பின்னால் இந்தக் குளிர்ப்பெட்டி இருப்பதாகக் கேள்விப்படும்போது பரிசின்மேலேயே வெறுப்பு வருகிறது.

இந்த விஷயத்தில் வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் மயிலாப்பூரில் வாழ்ந்தவர். தாவர நூல் படித்தவர். யானைகளையும் காட்டெருமைகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ் பெற்றார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் காலமாகும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அதில் வந்ததெல்லாம் யானையும் புலியுமா? அணில், காகம், ஓணான், வேலியோரத்துச் செடி இவையும்தான். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தந்திருக்கிறார். அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவது கிருஷ்ணனுக்குப் பிடிக்காத காரியம். நம் மண்ணின் செடியைத்தான் நம் மண்ணின் பிராணிகளுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

பதிவேட்டில் என்ன இருக்கிறது?

கிருஷ்ணனின் கட்சி எவ்வளவு சரி என்பதற்கு ஆடுதீண்டாப்பாளை ஓர் உதாரணம். தரையோடு படரும் சின்னச் செடி. பெயருக்கேற்ப ஆடுகூட வாய் வைக்காது. சிவந்த உடலும் கரிய சிறகும் உள்ள ஓர் அழகிய வண்ணத்துப்பூச்சி இந்த இனத்துச் செடிகளைத் தேடித்தான் முட்டையிடும். அதன் புழு வேறு எதையும் தின்னாது. புதரைச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரத்தைவிட்டுத் தரையைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் குரோட்டன்ஸும் கொரியப் புல்லும் வைத்துப் பூங்கா என்று பலகை மாட்டினால் அந்த வண்ணத்துப்பூச்சி எங்கே போகும்? பூங்காவின் சுவரில் வண்ணத்துப்பூச்சிப் படம் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் திருப்தி அடைய வேண்டும்.

வீடு கட்ட நிலம் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931 முதல் ஊர் தெற்கே நகர்ந்துகொண்டேதான் வருகிறது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. வாடகை கொடுத்து மாளாத குடும்பம் ஒரு கிரவுண்டு நிலத்துக்கு ஆசைப்படுவது நியாயமே. புதரில் பாம்பு இருக்கும் என்று பயப்படும் தாயாரின் பயமும் நியாயமே. ஆட்சேபம் வீட்டுக்கு அல்ல. 'தரிசு', 'புறம்போக்கு' என்ற ஒரே சொல்லில் ஓர் இடத்தின் கணக்கை முடித்துவிடும் வழக்கத்துக்குத்தான். விளையாதது எல்லாம் தரிசு என்று வருவாய்த் துறை எழுதுவது வரி வாங்குவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. அங்கே உயிர் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது பதில் ஆகாது.

அந்தப் பதிலை எழுதுவதற்கென்று சட்டமே வேறொரு புத்தகத்தை வைத்திருக்கிறது. 2002-ஆம் வருஷத்து உயிர்ப்பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் ஒரு குழு அமைக்க வேண்டும். அந்த ஊரில் உள்ள செடி, கொடி, பிராணிகளையும் அவற்றைப் பற்றி ஜனங்களுக்குத் தெரிந்ததையும் 'மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு' என்று எழுதிவைக்க வேண்டும். நாடு முழுவதும் 2020 ஜனவரி 31-க்குள் இதை முடித்தாக வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. கெடு வைத்தால் பதிவேடு பிறந்துவிடும். அதில் சந்தேகம் இல்லை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து வேம்பு, அரசு, காகம், மைனா என்று நிரப்பிக் கட்டிவைக்கவும் முடியும். தேதியும் இடமும் போட்ட படங்கள் உள்ளே இருந்தால்தான் அது பதிவேடு. இல்லாவிட்டால் அது காகிதம். நாளைக்கு ஒரு குன்றையோ ஏரிக்கரையையோ வேறு காரியத்துக்கு எடுக்கும்போது 'அங்கே ஒன்றும் இல்லை' என்று ஓர் அதிகாரி எழுதினால், 'இருந்தது, இதோ பாருங்கள்' என்று எடுத்துக் காட்ட அந்தப் படம் உதவும்.

ஆகவே தாம்பரம் மாநகராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் ஒரு கோரிக்கை. கோடை விடுமுறையில் காமிராவோடு திரியும் இளைஞர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஆகியோரின் படங்களைக் கேட்டு வாங்கி, எடுத்தவர் பெயரோடு பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அபூர்வமான செடி நிற்கும் இடத்தை மாத்திரம் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பிடுங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். புதிதாகப் பூங்கா போடும்போது ஒரு மூலையைச் சுரண்டாமல் விட்டுவைக்க வேண்டும். அந்த மூலையில் எருக்கும் ஆவாரையும் நெருஞ்சியும் தாமாக வரும். நாற்றுக்குச் செலவு இல்லை, தண்ணீருக்கும் செலவு இல்லை. மரம் நடும் விழாக்களுக்குப் பழைய புதர்க் காட்டைத் தேர்ந்தெடுத்துக் குழி வெட்டுவதையும் நிறுத்தலாம். வழி நெடுகப் பொட்டலாகக் கிடக்கும் சாலை ஓரங்கள் அதற்கு ஏராளமாக இருக்கின்றன.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் வேலை உண்டு. கோடை விடுமுறைக்கு வீட்டுப் பாடம் என்று கடையில் விற்கும் படங்களை வாங்கி அட்டையில் ஒட்டிவரச் சொல்வதற்குப் பதில், தெருவுக்குள் பத்துச் செடிகளைப் படம் எடுத்து, பாட்டியிடம் பெயர் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ், சான்பிரான்சிஸ்கோ ஆகிய இரு நகரங்கள் யாருடைய ஊரில் அதிக உயிரினங்களைப் படம் பிடிப்பது என்று 2016-ல் ஒரு போட்டி வைத்துக்கொண்டன. ஏப்ரல் கடைசி வாக்கில் நடக்கும் அந்தப் போட்டி உலகம் முழுவதும் பரவி, இந்திய நகரங்களையும் எட்டிவிட்டது. பாட்டியிடம் பெயர் கேட்பது மாத்திரம் அந்தப் போட்டியில் இல்லை. அது நம்முடைய சேர்க்கையாக இருக்கட்டும். குப்பைமேனி, நாயுருவி, ஓரிதழ்தாமரை, வேலிப்பருத்தி என்ற பெயர்களை அறிந்த தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

மயூரநாதனும் பார்ன்ஸும் எழுதிவைத்த செடிகளில் எவை இன்னும் எந்தத் தெருவுக்குப் பின்னால் நிற்கின்றன என்று பார்ப்பதற்கு வேறு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை. கிறிஸ்தவக் கல்லூரித் தோட்டத்துக்குள் போகக் கல்லூரியின் அனுமதியும், நன்மங்கலம் ரிசர்வ் காட்டுக்கு வனத்துறையின் அனுமதியும் வேண்டும். முந்நூற்று இருபது ஹெக்டேர் அளவுள்ள நன்மங்கலத்தில் பழைய கல் குவாரியில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. அதன் பக்கம் போய்த் தொந்தரவு செய்யாமல் இருப்பது நல்லது. அனுமதி வாங்க முடியாதவர்களுக்கு ரயில் பாதை வேலியும் ஏரிக்கரையும் காலி மனையும் திறந்தே கிடக்கின்றன. தலைக்கு ஒரு துண்டு, காலுக்கு மூடிய செருப்பு, ஒரு பாட்டில் தண்ணீர். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் வெயில் சுடுவதற்கு முன் எருக்கு, ஆவாரை, குழியானை மூன்றும் முடிந்துவிடும். ஒன்பது மணி ரயிலில் திரும்பி வந்து, விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணலாம்.